சுவரில் எழுதிய கவிஞர்

ஹைதராபாத் நகரில் கொண்டாப்பூர் என்ற பகுதி உள்ளது. பல ஊர் மக்கள் அங்கே பிழைக்க வருகிறார்கள். 1948 வரை அந்தப் பகுதியும் நிஜாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது.

அந்த நாளில் கிராமங்களில் நிலக்கிழார்களின் கொடுமை அதிகம். ஏழைகள் கூலி இல்லாமல் உழைத்தார்கள். எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் தாசரதி கிருஷ்ணமாச்சாரியார். 1925-ல் வாரங்கல் பக்கம் சின்ன கூடூரு கிராமத்தில் பிறந்தவர். தெலுங்குக் கவிஞர். நிஜாம் ஆட்சியை எதிர்த்துப் பாடினார். அதனால் நிஜாமாபாத் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

சிறையில் காகிதம் இல்லை, பேனா இல்லை. தாசரதி கரித்துண்டை எடுத்தார். சுவரில் கவிதை எழுதினார். காவலர்கள் அதை அழித்தார்கள். அவர் மீண்டும் எழுதினார்.

கரிக்கோட்டைக் கண்டு காவலர்கள் ஏன் பயந்தார்கள்? அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிறையில் இருந்தார்கள். படிக்க ஆள் இல்லை என்றால் அது வெறும் கரிதான். படிக்க ஆள் இருந்தால் அது ஆயுதம்.

1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1949-ல் தாசரதியின் 'அக்னிதாரா' நூல் வெளிவந்தது. 1974-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார். 1987-ல் காலமானார்.

கரி அழிந்தது. கவிதை அழியவில்லை. நாம் கற்ற எழுத்தும் அப்படித்தான். அதை யாரும் நம்மிடமிருந்து அழிக்க முடியாது.

சிந்திப்போம்:
1. தாசரதி எதனால் எழுதினார்?
2. கூலி தராதவரிடம் நியாயம் கேட்க எழுத்து எப்படி உதவும்?