தண்ணி நிறம் மாறினால் ஏறிவிடு

மழைக்காலத்தில் காட்டுக்குப் போகலாமா என்று தம்பி தங்கைகள் கேட்டால், "தாராளமா போகலாம்" என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு பாடம் தெரிந்துகொண்டு போகவேண்டும். எனக்கு அது ஒரு நவம்பர் மாதத்தில் விளங்கியது.

லிங்கியிலிருந்து 14 பேர் உலு பெண்டுல் போயிருந்தோம். சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் பாதையில், 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற காடு அது. நாங்கள் ரப்பரும் செம்பனையும் பார்த்து வளர்ந்தவர்கள். தோட்டத்தில் மரங்கள் நிரை பிடித்து நிற்கும். ஒரே இனம், ஒரே உயரம். காட்டில் அப்படியில்லை. நெடுமரங்கள் மேலே குடை பிடிக்க, அதன்கீழ் இன்னொரு அடுக்கு, அதற்கும் கீழே பிரம்பும் செடிகொடிகளும்.

காலையில் தூறல். மேலே இலைகளில் சத்தம் கேட்டும், எங்கள் தலையில் துளி விழக் கொஞ்ச நேரம் ஆனது. மழையை முதலில் தாங்குவது மேலடுக்கு இலைகள்தாம். பல இலைகளின் நுனி வால்போல நீண்டிருக்கும். தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். வேரும் சருகும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் லேசான மழைக்கு ஓடை தெளிவாகவே ஓடுகிறது.

பிறகு வெயில் வந்தது. பையன்கள் ஓடையில் இறங்கினார்கள். நான் கரையில் உட்கார்ந்து காலில் ஏறிய அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன். மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. தண்ணீரைப் பார்த்தேன், தேநீர் நிறம். சருகும் குச்சியும் மிதந்து வந்தன.

பாட்டி ஞாபகம் வந்தது. லிங்கியில் பால்மரம் வெட்டியவர். மழை பெய்தால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அதனால் மழையை அவர் நன்றாகப் படித்திருந்தார். "தலைக்கு மேல வெயில் அடிக்குதேன்னு நம்பாதடா. மலைக்கு மேல பாரு. தண்ணி நெறம் மாறுச்சுன்னா செருப்பக்கூட எடுக்காம ஏறிடு" என்பார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் தயங்கினேன். விளையாட்டைக் கெடுக்கிறவன் என்று சிரிப்பார்களே! பிறகுதான் கத்தினேன்.

"மழையே இல்லையேண்ணே! அஞ்சு நிமிஷம்!"

"இப்பவே ஏறுங்கடா!"

ஒருவன் பையை எடுக்கத் திரும்பினான். கையைப் பிடித்து இழுத்தேன். சில நிமிடங்களில் அவர்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. யாரும் பேசவில்லை.

இதைத்தான் மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். மலை உச்சியில் கொட்டும் கனமழை, சரிவான குறுகிய ஓடையில் ஒன்றாகத் திரண்டு இறங்கும். வழியில் மரக்கட்டைகள் அடைத்து நின்று, பிறகு உடைந்தால் வேகம் இன்னும் கூடும். 2021 ஆகஸ்ட் 18இல் கெடா, யான் வட்டாரத்தில், ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் பல உயிர்களைப் பறித்தது.

ஆகவே நினைவில் வையுங்கள்:

1. நம் மாநிலத்தில் அக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் மழை கொட்டும். காலையிலேயே போய்த் திரும்புங்கள்.
2. ஓடைக்குப் போனால் ஒருவர் கரையில் நின்று தண்ணீரைக் கவனிக்கட்டும்.
3. நீர் கலங்கினாலோ, குச்சி மிதந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள். பொருளுக்காகத் திரும்பாதீர்கள்.
4. பெருகிய ஓடையைக் கடக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள்.

ஆற்றைத் தாய் என்று கும்பிடுகிறோம். தாயின் முகம் மாறும்போது கவனிப்பதும் அந்தக் கும்பிடில் சேர்ந்ததுதான். அடுத்த முறை கூட்டத்தில் ஒருவர் "ஏறுங்க" என்று சொன்னால், சிரிக்காமல் ஏறுங்கள். சொல்லவேண்டியவர் நீங்களாக இருந்தால், என்னைப்போல் தயங்காதீர்கள்.