பொங்கியது அழுக்கு இல்லை

அடுப்படி மேடைக்குக் கடப்பாக்கல் என்று நான் சொன்னபோதே எங்கள் மதினிக்கு முகம் சுருங்கியது. "இந்தக் காலத்துல யாரு கடப்பா போடுதா? ஊரே கிரானைட்டுக்குப் போயாச்சு" என்றார். விலை குறைவு, கருகருவென்று இருக்கும், குழம்பு சிந்தினால் கண்ணை உறுத்தாது. போட்டேன். சிவகிரியில் உங்கள் வீட்டிலும் அநேகமாக அதுதான் இருக்கும். கல்லைப் பற்றி எனக்கு இன்றுவரை குறையில்லை.

குறையெல்லாம் ஆடித்தபசுக்கு வந்த விருந்தாளிகள்மேல்தான். நான் சங்கரன்கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குழாயடியில் படிந்திருந்த வெள்ளை உப்பைப் போக்குகிறேன் என்று, பாத்ரூமுக்கு வைத்திருந்த ஆசிட்டை எடுத்து மேடையில் ஊற்றிவிட்டார் மதினி. நுரைத்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அழுக்கு எப்படிப் பொங்குது பாருங்க" என்று வேடிக்கை காட்டியிருக்கிறார். பொங்கியது என் கல்.

கடப்பா சுண்ணாம்புக்கல், ஆந்திராவின் கடப்பைப் பக்கமிருந்து வருவது. போர் தண்ணீர் காய்ந்தால் படிகிற வெள்ளையிலும் பெரும்பகுதி அதே கால்சியம் கார்பனேட்தான். படிவைக் கரைக்கிற எதுவும் கல்லையும் சேர்த்தே கரைக்கும். எலுமிச்சை, புளி, வினிகர் எல்லாம் அதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் நிதானமாக. புளியங்குடி எலுமிச்சையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஊறுகாய் போடாமல் இருக்க முடியாது. பலகை வைத்து நறுக்குங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்குகிற வேலையைப் புறவாசலுக்குக் கொண்டுபோங்கள்.

ஆசிட் பட்ட இடம் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. அதைக் கறை என்று நினைத்துப் பொடி போட்டுத் தேய்க்காதீர்கள். மேல்பளபளப்பே அரித்துப் போயிருக்கிறது, தேய்த்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பாகத் தெரியும், கழுவக் கழுவ மறுபடி வெளுக்கும், தூசியும் ஒட்டும். கடைசியில் பாலிஷ்காரரை வரவழைத்து, சொரசொரப்பான எமரியில் தொடங்கி நைஸ் எமரி வரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வைத்தேன். கூலி எவ்வளவு என்று மதினி இதுவரை கேட்கவில்லை.

தினசரிக்கு சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். ராத்திரி ஈரத்தைத் துடைத்துவிட்டுப் படுத்தால் உப்பு படியாது. படிந்துவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் பதமாகச் சுரண்டுங்கள்.

கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளை கிரானைட் எண்ணெய் குடிக்கும். மதினி வீட்டு மேடையில் எண்ணெய்ச் சட்டி வைத்த வட்டம் அப்படியே இறங்கியிருக்கிறது. சமீபத்தில் போனில் வழி கேட்டார். சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு நாள் விட்டு எடுக்கச் சொன்னேன். எண்ணெயை அது மெல்ல இழுக்கும், ஒரே தடவையில் போகாது, திரும்பத் திரும்பப் போடணும் மதினி என்றேன்.

"அம்புட்டு நாள் ஆகுமா? கொஞ்சமா ஆசிட் விட்டா?" என்றார்.