பள்ளிக் கேன்டீனை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவில் சேர்த்து, "கேன்டீனைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா? கலோரி அட்டவணையைத் தேடி ஓட வேண்டாம். பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்பதைப் பாதி முடிவு செய்வது வரிசையும் சில்லறையும்தான்.

படி 1: இடைவேளையில் போய் நில்லுங்கள்

மணி அடித்ததும் ஓரமாக நின்று பாருங்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். முட்டை பப்ஸும் சிப்ஸ் பாக்கெட்டும் கை நீட்டியதும் கிடைத்துவிடும். தோசைக்கு நிற்கும் சின்னப் பையனுக்குப் பாதி இடைவேளை வரிசையிலேயே போய்விடும். அதற்குள் பெரிய வகுப்பு அண்ணன்கள் அவன் தலைக்கு மேலே நோட்டை நீட்டி வாங்கிப் போய்விடுவார்கள். மறுநாள் அவனும் சிப்ஸுக்கு மாறிவிடுவான். நாக்கை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

எது முதலில் தீர்கிறது, எது மிஞ்சுகிறது, பிள்ளைகள் கையில் பத்து ரூபாயா இருபது ரூபாயா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2020-இல் பள்ளி உணவுக்கென்றே விதிமுறைகளை வெளியிட்டது. கெட்ட கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக் கூடாது. கேன்டீன் நடத்துபவருக்கு ஆணையத்தின் பதிவோ உரிமமோ இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே அந்த எண்ணைக் கேளுங்கள். பேச்சு தானாக மரியாதையாக நடக்கும்.

வாசல் வண்டிகளுக்கு இன்னொரு விதி: பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் செயற்கை நிறம் சேர்க்க 2024 மார்ச்சில் கர்நாடக அரசு தடை விதித்தது.

சி.பி.எஸ்.இ. பள்ளியென்றால், எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்ட 2025-இல் வாரியம் வைக்கச் சொன்ன சர்க்கரைப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். 250 மி.லி. கோலாவில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல். அந்தச் சர்க்கரையைப் பிள்ளைகளையே அளந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டச் சொல்லுங்கள்.

படி 3: எதை எடுத்தாலும் நல்லதாக இருக்கட்டும்

கர்நாடக அரசுப் பள்ளிகளைப் பாருங்கள். மதிய உணவோடு முட்டை. வேண்டாம் என்பவர்களுக்கு வாழைப்பழம். 2024 முதல் அஸீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு இது வாரம் ஆறு நாளாகியிருக்கிறது. பிள்ளைதான் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் வைத்திருக்கும் எதுவும் கெடுதல் இல்லை. பணம் கட்டிப் படிக்கும் பள்ளிகள் இங்கே படித்துக்கொள்ள வேண்டியது நிறைய.

உங்கள் கேன்டீனிலும் மணி அடிக்குமுன் தட்டில் தயாராக இருப்பவையே எடுபடும்: இட்லி, எலுமிச்சை பிழிந்த சித்ரான்னம், கிண்ணத்தில் பயத்தம்பருப்புக் கோசம்பரி, அவித்த முட்டை, வாழைப்பழம். பசவனகுடியில் ஆண்டுதோறும் கடலைக்காய்ப் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கும் ஊரில் அவித்த கடலைக்கா பஞ்சம்! ராகி மால்ட்டும் நல்லதுதான். ஆனால் சர்க்கரையை அள்ளிக் கொட்டினால் பேருக்குத்தான் ராகி.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். பப்ஸை முன்வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளுங்கள். இட்லிக்குத் தனி வரிசை போடுங்கள். சின்ன வகுப்புகளுக்கு ஐந்து நிமிடம் முன்னதாக மணி அடிக்கத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். செலவில்லாத மாற்றம், ஆனால் எல்லாவற்றையும்விடக் கேட்கத் தயங்குவது இதைத்தான்.

படி 4: சில்லறை விலை

பத்து, இருபது என்று முழு விலையாக வையுங்கள். பதினேழு ரூபாய் கோசம்பரிக்கு மூன்று ரூபாய் சில்லறை தேடுவதற்குள் வரிசை கலைந்துவிடும்.

படி 5: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

பலரும் விடுவது இதைத்தான். பள்ளி கேன்டீன் இடத்துக்கு எக்கச்சக்க வாடகை கேட்டால், ஒப்பந்தக்காரர் அதை எதில் எடுப்பார்? கெட்டுப்போகாத, ஆள்கூலி இல்லாத பாக்கெட்டில்தான். காலையில் அவித்த கடலை மாலையில் மிஞ்சினால் நஷ்டம் அவருக்கு. ஆகவே வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள்; பதிலுக்கு என்னென்ன விற்கலாம் என்ற பட்டியலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இப்போதைய ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்று அலுவலகத்தில் இன்றே கேட்டுவையுங்கள்.