அமைதியற்ற கால்களும் வலி மாத்திரையும்

இரவில் படுத்தவுடன் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற உணர்வு. எழுந்து நடந்தால் தணிகிறது. இதனை ‘அமைதியற்ற கால்கள் நோய்’ என்கிறோம். தரமணியில் எம்மிடம் வருவோருள் சிலர் வலி மாத்திரைகளை உண்டு சலித்த பின்னரே வருகின்றனர்.

பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை இதற்குப் பொதுவாகப் பயன்தருவதில்லை. கோளாறு தசையிலன்று, நரம்பு மண்டலத்தில் உள்ளது; மூளையில் இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். ஐபுபுரூஃபனைத் தொடர்ந்து உட்கொண்டால் இரைப்பையில் இரத்தம் கசிந்து, உள்ள இரும்பும் குறையக்கூடும்; சிறுநீரகமும் பழுதுறலாம்.

1672-இல் இந்நோயை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் அபின் கலந்த மருந்தால் அதனைத் தணித்தார். இன்றும் அபின் வகை மருந்துகள், பிற சிகிச்சைகள் பலனளிக்காதபோது மட்டும், குறைந்த அளவில், கண்காணிப்புடன் தரப்படுகின்றன. அவற்றால் அடிமைத்தனமும் மூச்சுத் தளர்ச்சியும் நேரலாம். வீட்டில் எஞ்சிய டிரமடாலைப் பிறர் உண்ணலாகாது.

முதற்படி ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனையே. குறைவெனில் இரும்புச்சத்து மருந்து, தேவையெனில் கபாபென்டின். சளி, ஒவ்வாமை, மனச்சோர்வு மாத்திரைகள் சில இந்நோயை மிகுவிக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தாது, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொணர்ந்து மருத்துவரிடம் காட்டுமாறு வேண்டுகிறோம்.