பொந்தியானிலிருந்து எந்தத் திடலுக்கு?

பத்து வயதுப் பிள்ளைக்குப் பந்து நன்றாகக் காலில் ஒட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் போதும், பொந்தியான் வீடுகளில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளித் திடலிலேயே விட்டுவிடுவதா, ஜொகூர் பாருவில் மாதக் கட்டணம் வாங்கும் அகாடமியில் சேர்ப்பதா, ஜேடிடி கிளப்பின் இளையோர் தேர்வுக்கு அழைத்துப் போவதா, விளையாட்டுப் பள்ளி விடுதிக்கு விண்ணப்பிப்பதா? அகாடமி விளம்பரங்கள் பெரிய எழுத்தில் சொல்வது ஒன்றைத்தான்: எங்கள் அணி இந்த லீக்கில் ஆடுகிறது. அந்த வரியைப் பார்த்து முடிவெடுக்கும் பெற்றோரே அதிகம். பிள்ளைக்கு 13 வயது ஆகும்வரை லீக்கின் பெயருக்கு மதிப்பெண்ணே போடக் கூடாது என்பது என் கருத்து. வாரத்துக்கு எத்தனை நிமிடம் அவன் ஆட்டத்தில் இருக்கிறான், அதற்காக எத்தனை மணி நேரம் காரில் இருக்கிறான் என்ற இரண்டு கணக்கும் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கார் கணக்கிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பலர் அதைப் போடுவதில்லை. பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஸ்கூடாய் பக்கம் மாலை நெரிசலில் மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். வாரம் மூன்று நாள் போய்வந்தால் 360 கிலோமீட்டர். ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் 14,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டர் 2 வெள்ளி என்றால் பெட்ரோலுக்கு மட்டும் 2,400 வெள்ளி. டோல், டயர், கட்டணம், காலணி எல்லாம் தனி. பணத்தைவிடப் பெரியது நேரம். வாரம் ஆறேழு மணி நேரம் பிள்ளை இருக்கையில் கட்டுண்டு கிடக்கிறான். பாதி வீட்டுப்பாடம் காரில், இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. அதே ஆறு மணி நேரத்தை வீட்டருகே உள்ள திடலில் பந்தோடு கழித்தால், பத்து வயதில் எது அவனை நல்ல ஆட்டக்காரனாக்கும்? ஜொகூர் பாருவில் குடியிருப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அவருக்குப் பொருந்தும் அறிவுரை நமக்குப் பொருந்தாததும் அதனால்தான்.

பள்ளி வழியைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். உண்மையில், கட்டணமில்லாமல் மேலே ஏறும் படிக்கட்டு அது. மாவட்ட அளவில் எம்எஸ்எஸ்டி, மாநில அளவில் எம்எஸ்எஸ்ஜே, தேசிய அளவில் எம்எஸ்எஸ்எம் என்று 12, 15, 18 வயதுப் பிரிவுகளில் போட்டிகள் நடக்கின்றன. பொந்தியான் மாவட்ட அணியில் இடம் பிடித்தவன் ஜொகூர் மாநிலத் தேர்வாளர்களின் கண்ணில் படுகிறான். கோத்தா திங்கி மாவட்டத்தின் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளிக்கும், கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தப் போட்டிகளின் சான்றிதழ்தான் கையில் இருக்கும் ஆதாரம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது. காற்பந்தில் எதுவும் ஆகாமல் போகும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கும் அந்த மதிப்பெண் மிஞ்சும்.

பள்ளியில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சிறிய தமிழ்ப் பள்ளி என்றால் பதினொரு பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. கணிதமும் நன்னெறியும் கற்பிக்கும் ஆசிரியரே விசிலும் ஊத வேண்டியிருக்கும். போட்டிக் காலம் முடிந்தால் பந்து அறைக்குள் போய்விடும். ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகமும் எம். சந்திரனும் தேசிய அணிக்கு ஆடிய காலத்தில் கட்டண அகாடமி ஏது என்று கேட்போருக்குச் சொல்ல ஒன்று உண்டு: அன்று தோட்டத்துத் திடலும் மாலை நேர ஆட்டமும் இருந்தன, தோட்டங்கள் கலைந்தபோது அவையும் போயின. ஆகவே பள்ளி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. போட்டிக்குப் பள்ளி, பயிற்சிக்குப் பொந்தியானிலோ பெக்கான் நானாஸிலோ மாலையில் கூடும் உள்ளூர்க் குழு என்று இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே 13 வயதுவரை சரியான ஏற்பாடு. உள்ளூர்க் குழுவில் பார்க்க வேண்டியது ஜெர்சியை அல்ல, பயிற்றுநரின் உரிமத்தை. மலேசியக் காற்பந்து சங்கத்தின் டி உரிமம் அடிப்படை, அதற்கு மேல் ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ உரிமங்கள். சி உரிமம் உள்ள ஒருவர் ஊரிலேயே வாரம் இரண்டு நாள் நடத்தும் பயிற்சி, யார் நடத்துகிறார் என்றே தெரியாத 60 கிலோமீட்டர் தூரத்து அகாடமியைவிட மேல்.

சிறு வயதுத் தேர்வுகளை நான் நம்பாததற்கு இன்னொரு காரணம் பிறந்த மாதம். நம் நாட்டில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள்; பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் என்பது ஓரிரு அங்குல உயரமும் ஓர் எட்டு வேகமும். ஐரோப்பிய இளையோர் அகாடமிகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அங்கே அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்பதே. தேர்வாளர் திறமை என்று எண்ணி எடுப்பது பல நேரம் முந்திய பிறந்தநாளைத்தான். உங்கள் பிள்ளை நவம்பரில் பிறந்து 11 வயதில் தள்ளப்பட்டால் மனம் தளர வேண்டாம்; மார்ச்சில் பிறந்து முதல் ஆளாக எடுக்கப்பட்டால் கடன் வாங்கவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம்கூட ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடச் சொல்கிறது. காரணம் மூட்டுக் காயங்களும் மனச்சோர்வும்.

‘அதற்குள் வண்டி போய்விடுமே’ என்ற பயம் இங்கேதான் தலைதூக்கும். மெஸ்ஸி பார்சலோனாவுக்குப் போனது 13 வயதில். அதற்கு முன் அவர் ஆடியதெல்லாம் பிறந்த ஊரான ரொசாரியோவில். நம் நாட்டு உதாரணம் இன்னும் தெளிவு. 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் நாடு முழுதும் சிறுவர்களைத் தேடி, தேர்ந்தவர்களைப் பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியில் வளர்த்தது. அந்தத் தலைமுறையின் நட்சத்திரம் லுக்மான் ஹக்கிம், 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 5 கோல் அடித்தார். அணியோ முதல் சுற்றோடு வெளியேறியது. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் அவரை ஒப்பந்தம் செய்தது. அங்கே முதல் அணியில் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் மிகச் சில. ஆகச் சிறந்த சிறுவனுக்கு ஆகச் சிறந்த கதவு திறந்த கதையே இப்படி என்றால், பத்து வயதில் ஓர் உள்ளூர் லீக்கைத் தவறவிட்டதால் எதிர்காலம் போயிற்று என்பதற்கு ஆதாரம் எங்கே?

13, 14இல் கணக்கு மாறுகிறது. பையன் மாவட்ட அணியில் நிலையாக ஆடுகிறான், வயதில் பெரியவர்களோடும் ஈடுகொடுக்கிறான் என்றால் வலுவான போட்டி உண்மையிலேயே தேவை. அப்போது லீக்கைப் பார்க்கலாம். அது யாருடைய லீக் என்று பார்க்க வேண்டும். சில அகாடமிகள் தங்களுக்குள் கூடி நடத்தும் தனியார் லீக் ஒரு வகை. கிளப்புகளின் இளையோர் அணிகள் ஆடும் பியாலா பெலியா, பியாலா பிரெசிடென் வேறு வகை. முதல் வகையில் எவ்வளவு வென்றாலும் இரண்டாம் வகைக்குக் கதவு தானாகத் திறக்காது. ஜேடிடி 2014 முதல் சூப்பர் லீக்கை விடாமல் வென்றுவரும் கிளப். அதன் இளையோர் அணி அழைத்தால் போகலாம், தயங்க வேண்டியதில்லை. மற்ற கிளப்புகளின் பெயரை நம்பி விடுதிக்கு அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். 2022 முடிவில் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் இழந்தன. 2025இல் கெடாவுக்கும் அதே கதி. கிளப் மூடினால் அதன் இளையோர் அணியும் நடுவழியில் நிற்கும். விடுதி என்றால், எஸ்பிஎம் படிப்பு தடைபடாத விளையாட்டுப் பள்ளியையே முதலில் எண்ணுவேன். மகள் ஆடுகிறாள் என்றால் இந்தப் படிகளில் பாதி இல்லவே இல்லை. அவளுக்குப் பள்ளியும் மாநில அணியும்தான் நடைமுறையில் வழி.

கடலுக்கு அப்பால் தெரியும் சிங்கப்பூரையும் சிலர் கேட்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வேறு நாட்டுக் கிளப்பில் பதிவதை ஃபிஃபா விதி 19 தடுக்கிறது. அதில் ஒரு விலக்கு உண்டு: வீடு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், கிளப்பும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள், இரண்டுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மிகாமல், பிள்ளை வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும், இரு நாட்டுச் சங்கங்களும் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். வரைபடத்தில் பொந்தியான் இந்த வட்டத்துக்குள் விழுகிறது. ஆனால் பள்ளி விட்டு இரண்டாவது பாலம் கடந்து பயிற்சி முடித்து அன்றிரவே திரும்பும் பையன் மறுநாள் காலை வகுப்பில் விழித்திருப்பானா? தாளில் இருக்கும் வழி என்று இதை விட்டுவிடலாம்.

இந்தியப் பிள்ளைகளைத் தேர்வில் கண்டுகொள்வதில்லை, அதனால் நமக்கென்று உள்ள அமைப்பின் அணியே பாதுகாப்பு என்ற வாதமும் பரவலாக உண்டு. வருத்தம் புரிகிறது, தீர்வாக அது பலமானதாக இல்லை. நம் சமூகத்தின் எம்ஐஎஸ்சி-மிஃபா அணி பிரீமியர் லீக் வரை ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் நுழைந்தது. நம் பையன்கள் பலருக்கு அது மேடையாக இருந்தது. 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகியது. இதற்கிடையே பொதுவான அணிகளிலும் நம்மவருக்கு இடம் இருந்தது: எஸ். குணாளன் ஜேடிடியில் பல ஆண்டுகள் ஆடினார். 2010இல் சுசுகி கிண்ணம் வென்ற தேசிய அணிக்குக் கே. ராஜகோபால் பயிற்றுநர். சமூகப் போட்டிகளில் பிள்ளை ஆடட்டும், நல்லது. அதை மட்டுமே நம்பி மாவட்டத் தேர்வுக்குப் போகாமல் இருப்பதுதான் தவறு.

எந்தக் குழுவாக இருந்தாலும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். பயிற்றுநரின் உரிமம் என்ன? பதிவுப் படிவத்தில் கையெழுத்திட்டால், விலக நினைக்கும்போது யாருடைய சம்மதம் தேவை? கடந்த பருவத்தில், பதிவான ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் ஆடினான்? முதல் இரண்டுக்கும் பதில் எளிதாக வரும். மூன்றாவதற்குப் பட்டியல் இல்லை என்றால், உங்கள் மகன் நின்று பார்க்கப்போகும் இடம் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சு. அதற்கு 60 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியதில்லை.