‘ஃபாஸ்ட்’ என்ன வகைச் சொல்?

கேள்வி: எட்டாம் தரத்தில் படிக்கும் என் மகளுக்கு டியூஷன் வகுப்பில் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைக் கொடுத்து, ஒவ்வொன்றும் நவுனா, வேர்ப்பா, அட்ஜெக்டிவ்வா, அட்வேர்ப்பா என்று எழுதச் சொன்னார்கள். ‘ஃபாஸ்ட்’ அட்வேர்ப் என்று எழுதினாள். அதை வெட்டி, அட்ஜெக்டிவ் என்று திருத்தியிருக்கிறார்கள். அகராதியில் பார்த்தால் இரண்டும் இருக்கிறது. எது சரி? பிள்ளைக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகள் எழுதியதும் சரி, திருத்தியதும் சரி. பிழை கேள்வியில் இருக்கிறது. வாக்கியம் இல்லாமல் ‘ஃபாஸ்ட்’ என்ன வகை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

தமிழில் ‘ஓட்டம்’ என்றால் பெயர், ‘ஓடினாள்’ என்றால் வினை, உருவமே காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி விகுதிகள் நிறைய இருந்தன. காலப்போக்கில் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. இப்போது சொல் நிற்கும் இடத்தை வைத்துத்தான் வகையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸை ‘எ ஃபாஸ்ட் பஸ்’ என்று சொன்னால் அந்தச் சொல் பஸ்ஸை விவரிக்கிறது, அது அட்ஜெக்டிவ். (காலை ஏழரைக்கு அப்படியொரு பஸ்ஸை நான் கண்டதில்லை, அது வேறு கதை.) ‘த பஸ் கோஸ் ஃபாஸ்ட்’ என்றால் பஸ் போகிற விதத்தைச் சொல்கிறது, அட்வேர்ப். இங்கே ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதக்கூடாது, அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. கந்தசஷ்டிக்கு நீங்கள் விரதம் பிடித்தால் ‘மை மதர் ஃபாஸ்ட்ஸ்’; அது வேர்ப். ஆறு நாள் விரதத்தை ‘எ சிக்ஸ் டே ஃபாஸ்ட்’ என்றால் நவுன். விரதத்தைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட்’ அகராதியில் பெரும்பாலும் தனிப்பதிவாக இருக்கும், ஆனால் எழுத்து ஒன்றுதான்.

இடாப்புக் கூப்பிடும்போது மகள் தினமும் சொல்லும் ‘ப்ரெசன்ட்’ அட்ஜெக்டிவ். பிறந்தநாளுக்குக் கிடைக்கும் ‘ப்ரெசன்ட்’ நவுன். பரிசை வழங்குவதைச் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய், ‘ப்ரிசென்ட்’ என்று ஒலித்து வேர்ப் ஆகிவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ‘கேன்’ அல்லது ‘வில்’லுக்கு நேர்பின்னால் வைத்து வாக்கியம் அமைந்தால் அங்கே அது வேர்ப். ‘த’ போட்டு, வேறு சொல் துணையில்லாமல் நின்றால் அநேகமாக நவுன். ‘லி’யில் முடிவதெல்லாம் அட்வேர்ப் என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள், ‘ஃப்ரெண்ட்லி’யும் ‘லவ்லி’யும் அட்ஜெக்டிவ்.

நாங்கள் கொழும்பில் பேசும் தமிழும் ஓரளவு கைகொடுக்கும். ‘பார்க் பண்ணு’ என்கிறோம், அது வேர்ப். ‘டிக்கெட்டை எடு’ என்கிறோம், நவுன். ‘பிசியான ஆள்’, அட்ஜெக்டிவ். ஆனால் இதை முழுதாக நம்ப வேண்டாம். ‘ஷொப்பிங் பண்ணு’ என்பதில் ‘ஷொப்பிங்’ நவுன். ‘கெயார்ஃபுல்லாப் போ’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை, ‘கோ கெயார்ஃபுல்’ என்று எழுதிவிடும். தமிழில் ‘ஆ’ ஒட்டி வேலையை முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே ‘கெயார்ஃபுலி’ வேண்டும்.

‘கோல்ட் செயின்’ போன்றவற்றில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். செயினை விவரிப்பதால் ‘கோல்ட்’ அட்ஜெக்டிவ் என்று எழுதுவார்கள். முன்னால் ‘வெரி’ போட்டுப் பாருங்கள். ‘வெரி கோல்ட் செயின்’ என்று எந்த நகைக்கடையிலும் சொல்ல மாட்டார்கள். தன் வகை மாறாமல் இன்னொரு நவுனுக்கு அடைமொழியாக நிற்கும் நவுன் அது. ‘பஸ் ஹோல்ட்’டும் அப்படித்தான். ஆனாலும் சில பள்ளிப் புத்தகங்கள் இதையும் அட்ஜெக்டிவ் என்றே சொல்லிவிடும்.

இந்த வகைப்பாடுகள் கல்லில் எழுதியவை அல்ல. தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கோடு நிறுத்தினார். கிரேக்க மொழிக்கு எட்டு வகை சொன்ன டயோனிசியஸ் த்ராக்ஸின் பட்டியலில் அட்ஜெக்டிவ்வுக்குத் தனி இடமே இல்லை. ‘மை’, ‘திஸ்’ போன்றவற்றைப் பழைய புத்தகங்கள் அட்ஜெக்டிவ் என்றன. இன்றைய அகராதிகள் டிட்டர்மினர் என்கின்றன. பரீட்சையில் மகள் தன் பாடப்புத்தகம் சொல்லும் பெயரையே எழுதட்டும், அதற்குத்தான் புள்ளி.

அடுத்த முறை சொற்களை வாக்கியத்தோடு தரும்படி மிஸ்ஸிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.