கண்ணாடி மாற்றியும் தீராத மங்கல்

நாற்பதைத் தாண்டியவருக்குப் பார்வை மங்கினால், "பவர் கூடியிருக்கும், கண்ணாடியை மாத்துங்க" என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அது சரிதான். அரிதாக, வேறோர் உறுப்பிலிருந்து கண்ணுக்குப் பரவிய புற்றுநோயாலும் பார்வை மங்கலாம்.

நம்பிக்கை: கண்ணில் புற்றுநோய் குழந்தைகளுக்குத்தான் வரும்.

உண்மை: குழந்தைகளுக்கு வருவது விழித்திரையிலேயே உருவாகும் ரெட்டினோபிளாஸ்டோமா. பெரியவர்களுக்கு வேறிடத்திலிருந்து பரவியும் வரும். பெண்களுக்குப் பெரும்பாலும் மார்பகத்திலிருந்து, ஆண்களுக்கு நுரையீரலிலிருந்து. சிறுநீரகம், தைராய்டு, குடல் ஆகியவற்றிலிருந்து வருவது இன்னும் அரிது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு படலத்துக்குத்தான் கண்ணின் இரத்தத்தில் பெரும்பகுதி பாய்கிறது. இரத்தத்தோடு வரும் புற்றணுக்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

நம்பிக்கை: வலியோ சிவப்போ இல்லையென்றால் பயமில்லை.

உண்மை: இப்படிப் பரவி வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. கண்ணும் வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலுள்ள மாதக் காலண்டரைப் பாருங்கள். கட்டங்களின் கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, ஒரு பக்கம் நிழல் விழுந்தாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ தாமதிக்கக் கூடாது. இவற்றுக்கு வேறு காரணங்களும் உண்டு. எதுவானாலும் உடனே பார்க்க வேண்டியவையே. சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான், விழித்திரைக்கு அடியில் வெளிர்மஞ்சள் திட்டாக இருக்கும் கட்டி மருத்துவருக்குத் தெரியும்.

நம்பிக்கை: புற்றுநோய் குணமாகிப் பல வருஷம் ஆச்சு. கண் டாக்டரிடம் அதை எதற்குச் சொல்லணும்?

உண்மை: கட்டாயம் சொல்ல வேண்டும். மார்பகப் புற்று பத்தாண்டுகளுக்குப் பிறகும் தலைகாட்டலாம். சிலருக்குக் கண்தான் முதல் தகவலே தருகிறது: அமெரிக்காவில் இவ்வாறு கண்ணுக்குப் பரவிய 420 பேரைப் பற்றி 1997-ல் வெளியான ஆய்வில், 34 சதவீதம் பேருக்கு அதுவரை புற்றுநோய் இருப்பதே தெரியாது.

நம்பிக்கை: கண்ணையே எடுத்துவிடுவார்கள்.

உண்மை: அந்த நிலை அபூர்வம். கீமோ, ஹார்மோன் சிகிச்சை, இலக்கு மருந்துகளுக்கே பலருக்குக் கட்டி சுருங்குகிறது. தேவைப்பட்டால் சில வாரங்கள் கதிர்வீச்சு தருவார்கள். பார்வையைக் காப்பதுதான் நோக்கம்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ முன்பு புற்றுநோய் சிகிச்சை நடந்திருந்தால், அடுத்த முறை கண் மருத்துவரிடம் போகும்போது பழைய ஃபைலையும் கையோடு கொண்டுபோங்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்.